சிதம்பரம் கொத்சு: தாவரச் சேர்மங்கள்
கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் சம்பா சாதத்துக்கும் இட்லிக்கும் துணையாகும் கத்தரிக்காய்க் கொத்சு, புளியும் நல்லெண்ணெயும் வறுத்தரைத்த மல்லி, மிளகாயும் சேர்ந்தது. தக்காளி சேர்ப்பது வீட்டுக்கு வீடு மாறும். கத்தரியும் தக்காளியும் சொலானம் என்ற ஒரே பேரினத்துச் செடிகள்தான்; தக்காளி மட்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி.

நறுக்கிய கத்தரி கறுப்பதற்குக் காரணம், சதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் நொதியின் துணையால் காற்றோடு வினைபுரிவது. உடனே தண்ணீரில் போடும் வழக்கம் காற்றைத் தடுக்கிறது. தோலின் ஊதா நிறம் ஆந்தோசயனின். தோலைச் சீவி எறிந்தால் அதுவும் போய்விடும்.

தக்காளியின் சிவப்பு லைகோபீன். இது கொழுப்பில் கரையும் கரோட்டினாய்டு. வேகும்போது செல்சுவர் சிதைந்து லைகோபீன் விடுபடுகிறது. எண்ணெய் அதைக் குடல் உறிஞ்ச உதவுகிறது. ஆகவே நல்லெண்ணெயில் வதக்கிய தக்காளி, இந்த ஒரு விஷயத்தில் பச்சைத் தக்காளித் துண்டுகளை முந்துகிறது. வைட்டமின் சி வெப்பத்தில் குறையும் என்பது மறுபக்கம். லைகோபீன் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை. பீட்டா கரோட்டின்தான் மாறும்.

லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்ற விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். லைகோபீன் மாத்திரைகளுக்கு அவ்வாறு உரிமை கோர நம்பகமான சான்று இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் முடிவு செய்தது.