உபவாசம் புவாசா ஆன கதை

ரமலான் பிறந்துவிட்டால் இந்தோனேசிய வீதிகளில் துணிப் பதாகைகள் ஏறிவிடும். அவற்றில் அடிக்கடி காணும் வாழ்த்து இது: 'செலாமாத் மெனுனாய்கான் இபாதா புவாசா'. நோன்புக் கடமையை நல்லபடியாக நிறைவேற்றுங்கள் என்று பொருள். நான்கே சொற்கள். செலாமாத், இபாதா இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. மெனுனாய்கான் மலாய் இலக்கணத்தில் அமைந்த வினைச்சொல். கடைசியில் நிற்கும் புவாசா யார் வீட்டுப் பிள்ளை? நம் பாட்டிமார் ஏகாதசிக்கு இருந்தார்களே, அதே உபவாசம்தான்.

'உப' என்றால் அருகில். 'வாசம்' என்றால் தங்குதல். வேத காலத்தில் வேள்விக்கு முந்தைய நாள், அதைச் செய்பவர் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டு வேள்வித் தீயின் அருகிலேயே தங்குவார். அந்த அருகிருப்புக்கு இடப்பட்ட பெயர் உபவாசம். நாளடைவில் தங்குதல் என்ற பொருள் மங்கி, உண்ணாதிருத்தல் என்ற பொருள் நிலைத்தது. இதே வேரில் பிறந்த 'உபவசத' என்ற சொல் பாலி மொழியில் 'உபோசத' ஆகி, சிங்களத்தில் 'போயா' என்று சுருங்கியது. இலங்கையில் பௌர்ணமிதோறும் விடுமுறை தரும் போயா தினம் அதுதான். கப்பலேறிக் கிழக்கே போன உபவாசமோ மலாயில் 'புவாசா' ஆனது. ஜாவா மொழியில் 'பாசா' ஆகி, ரமலான் மாதத்துக்கே பெயரானது. சிங்களத்திலும் சரி, மலாயிலும் சரி, தலையிலிருந்த 'உ' உதிர்ந்துவிட்டது. ஒரே வேர், மூன்று சமயங்களின் விரதத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

உபவாசம் முஸ்லிம்களின் சொல்லானதற்குப் பின்னால் ஒரு சமய மாற்றம் இருக்கிறது. இந்து சமயம் பெரும்பான்மையாக இருந்த நாட்டில் இஸ்லாம் அந்த இடத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை வரலாறு எழுதுகிறவர்கள் உண்டு. பழையது அத்தனையும் துடைத்தெறியப்பட்டிருக்கும் என்பதே பெரும்பாலும் அவர்கள் வரையும் சித்திரம். கற்பனைக்குப் போவானேன்? ஜாவாவில் அந்த மாற்றம் நிஜமாகவே நடந்தது. 1293இல் எழுந்த மஜபாஹித் பேரரசு சிவனையும் புத்தரையும் வணங்கியது. இன்று இந்தோனேசியாவில் 100 பேரில் ஏறத்தாழ 87 பேர் முஸ்லிம்கள்.

அந்த மாற்றம் எப்படித் தொடங்கியது என்பதை மஜபாஹித் தலைநகர் இருந்த திரோவுலான் பகுதியின் கல்லறைகள் காட்டுகின்றன. மிகப் பழைய கல்லில் உள்ள ஆண்டு சக வருடம் 1290, அதாவது கி.பி. 1368. பேரரசு உச்சத்தில் இருந்த காலம். புதைக்கப்பட்டவர் முஸ்லிம், ஆண்டுக் கணக்கோ சகம், எண்களோ பழைய ஜாவா எழுத்து. 1633இல் ஜாவாவின் மாதரம் அரசர் சுல்தான் அகுங் இஸ்லாமியச் சந்திர நாட்காட்டியை ஏற்றபோதும், 1555 என்ற சக ஆண்டு எண்ணை விடாமல் அதிலிருந்தே தொடர்ந்து எண்ணச் செய்தார்.

மலேசியாவின் திரங்கானு கல்வெட்டு இன்னும் வியப்பானது. அரபு எழுத்தில் மலாய் மொழியைப் பொறித்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. இஸ்லாமியச் சட்டத்தை எடுத்துரைக்கும் அந்தக் கல், இறைவனை 'தேவதா முலியா ராயா' என்று அழைக்கிறது. தேவதா நம் தேவதைதான். ராயா என்றால் பெரிய. புதிய இறைநம்பிக்கையை அந்த மக்களுக்குச் சொல்ல, அவர்கள் நாவில் ஏற்கெனவே இருந்த சொல்லே கைகொடுத்தது.

மற்ற சொற்களும் அப்படியே. மலாய் முஸ்லிமுக்குச் சொர்க்கம் 'சுர்கா', நரகம் 'நெராகா'. பாவம் 'டோசா', நம் தோஷம். நற்செயலின் பயன் 'பஹாலா', நம் பலன். தொழுகைக்கு வழங்கிய 'செம்பஹ்யாங்' என்ற பழஞ்சொல்லை அண்மைக் காலத்தில் 'சோலாத்' என்ற அரபுச் சொல் பின்னுக்குத் தள்ளி வருகிறது. புவாசாவோ அசையாமல் நிற்கிறது.

இந்தக் கதை நமக்கு அந்நியமன்று. தமிழ் முஸ்லிம்கள் 'சலாத்' என்ற அரபுச் சொல்லைத் தொழுகை என்றார்கள். அது 'தொழு' என்ற வினையில் பிறந்தது. 'சவ்ம்' என்ற அரபுச் சொல்லை நோன்பு என்றார்கள். அது 'நோல்' என்ற வினையில் பிறந்தது. பள்ளிவாசலில் இருக்கும் 'பள்ளி', சமணத் துறவியர் தங்கிய குகைகளின் தமிழி எழுத்துகளிலேயே காணப்படும் சொல். இவற்றில் எந்தச் சொல்லும் மதம் மாறியதற்காக ஊரை விட்டுப் போகவில்லை. புதிதாக வந்த பொருளுக்குத் திண்ணையில் இடம் கொடுத்து, அங்கேயே இருந்தது.

அதனால்தான் சொல்லாராய்ச்சி எனக்கு வரலாற்றைவிட நெருக்கமாகப் படுகிறது. அரசர்களின் நூல்கள் யார் வென்றார், யார் தோற்றார் என்று பேசுகின்றன. சொற்கள், யாருடன் யார் சேர்ந்து வாழ்ந்தார் என்று சொல்கின்றன.

சூரியன் மறைந்ததும் ஜாவாவின் பள்ளிவாசலில் 'பெடுக்' என்னும் பெருமுரசு அதிரும். உடனே 'புகா புவாசா'. புகா என்றால் திற. கீழக்கரையிலும் நாகூரிலும் அந்தி வேளையில் கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களிடம் கேட்டால், அவர்களும் சொல்வார்கள்: நோன்பு திறக்கப் போகிறோம்.