மலிவுப் பெட்டியும் வலிய பெட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

இல்லத்துத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் மின்னணு விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டா, உண்டெனினும் அஃது ஆராயத் தக்கதா என்று சிலர் ஐயுறலாம். ஆண்டிறுதி விடுமுறை நெருங்குந்தோறும் எங்கள் செமினி வட்டாரத்துப் பெற்றோர் பலர் பள்ளி வாயிலில் நின்று கேட்கும் கேள்வி அந்த வரலாற்றைத் தொட்டதேயாகும். விலை குறைந்த பெட்டியை வாங்குவதா, புதிதாக வந்த ஆற்றல் மிக்க பெட்டியை வாங்குவதா என்பதே அக்கேள்வி. 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அவ்வளவே ஈட்டும் குடும்பத்துக்கு இது விளையாட்டுக் கேள்வி அன்று. பல மாதத் தவணை பற்றிய கேள்வி.

கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் பெட்டியை 14,800 யென்னுக்கு வெளியிட்டது. அதே நாளில் செகா நிறுவனமும் தன் பெட்டியை 15,000 யென்னுக்குக் கடைக்கு அனுப்பியது. நிண்டெண்டோவின் பெட்டி 8 பிட் வகையைச் சேர்ந்தது. அதனைப் பார்த்துத் தைவானில் செய்யப்பெற்ற 'மைக்ரோ ஜீனியஸ்' என்னும் போலிப் பெட்டியே எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் மலேசிய இல்லங்களில் புகுந்தது. நிண்டெண்டோ என்னும் பெயரைக் கேட்டறியாத சிறுவனும் மைக்ரோ ஜீனியஸை அறிவான்.

அப்பொழுதே அதனினும் வலிய பெட்டிகள் உலகில் தோன்றிவிட்டன. 1988 அக்டோபரில் செகாவின் 16 பிட் 'மெகா டிரைவ்' வந்தது. 1990 நவம்பரில் நிண்டெண்டோவே 'சூப்பர் ஃபேமிகாம்' என்பதை 25,000 யென்னுக்கு விற்றது. ஆற்றல் ஒன்றே அளவுகோலாயின் மைக்ரோ ஜீனியஸ் அன்றே மறைந்திருத்தல் வேண்டும். தோட்டத்து லயங்களில் அது மறையவில்லை. காரணம் பெட்டியில் இல்லை, அதில் செருகும் கேட்ரிட்ஜில் இருந்தது. ஒரே கேட்ரிட்ஜில் பல ஆட்டங்கள் அடங்கியிருந்தன. மேலே ஒட்டிய தாளில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் இலட்சக்கணக்கில் ஆட்டங்கள் உள்ளன என்று அச்சிட்டிருப்பர். எண்ணிப் பார்த்தால் சில ஆட்டங்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஆயினும் ஒரு வீட்டுக் கேட்ரிட்ஜ் மறுநாள் அடுத்த வீட்டில் இருக்கும். அங்கிருந்தது இங்கு வரும். ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் சில மணி நேரமே கிடைத்த தோட்டங்களில், ஒரு வரிசை லயத்துக்கு இரண்டு மூன்று பெட்டிகள் போதுமாயிருந்தன. 16 பிட் பெட்டியை வாங்கியவன் அந்த வட்டத்துக்கு வெளியே தனியே அமர்ந்து ஆடவேண்டியதுதான். மூலப் பெட்டியாகிய ஃபேமிலி கம்ப்யூட்டரின் உற்பத்தியை நிண்டெண்டோ 2003-இல்தான் நிறுத்தியது என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும்.

இந்நிறுவனத்தில் 1965-இல் சேர்ந்த குன்பெய் யோகோய் என்னும் பொறியாளர் மலிவையே ஒரு கொள்கையாக்கினார். புத்தம்புதிய கருவிகளைத் தேடி ஓடாமல், நன்கு பழகி விலை குறைந்துபோன உறுப்புகளைக் கொண்டு புதிய பயன் காண்பதே அவர் வழி. 1989-இல் வந்த 'கேம் பாய்' அதற்குச் சான்று. அதன் திரையில் வண்ணமில்லை. அமெரிக்காவில் விலை 89.99 டாலர். அதே ஆண்டில் வந்த அட்டாரியின் 'லிங்க்ஸ்' வண்ணத் திரையுடையது, விலை 179.99 டாலர். கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். லிங்க்ஸோ ஆறு பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கடையில் ஒரு முறை கொடுப்பதை மட்டும் விலை என்று எண்ணுவோர் இக்கணக்கைக் காண்பதில்லை.

மலேசியாவில் இக்கணக்கு ஒரு கட்டத்தில் தலைகீழாயிற்று. 1994-இல் ஜப்பானில் வெளிவந்த சோனியின் 'பிளேஸ்டேஷன்' வட்டுகளைப் பயன்படுத்தியது. 1996-இல் வந்த 'நிண்டெண்டோ 64' கேட்ரிட்ஜையே நம்பியது. வட்டைப் படியெடுப்பது எளிது. பெட்டிக்குள் ஒரு சிறு சில்லைப் பற்றவைத்துவிட்டால் படியெடுத்த வட்டும் ஓடும். அத்தகைய வட்டுகள் இங்கே சில வெள்ளிக்கு வெளிப்படையாக விற்கப்பட்டன. எனவே பெட்டி எவ்விலையாயினும் ஆட்டம் ஏறத்தாழ இலவசம் என்னும் எண்ணம் பரவிற்று. 2000-ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் இயற்றப்பெற்றது. வறுமையைக் காட்டி இத்திருட்டை நியாயப்படுத்துவோரோடு நான் உடன்படுவதில்லை. ஆயினும், பிறர் உழைப்பைக் களவாடியதால்தான் பிளேஸ்டேஷன் இங்கே மலிவுப் பெட்டியாயிற்று என்பதை வரலாறு எழுதுவோன் மறைத்தல் கூடாது.

மலிவு தோற்ற இடமும் உண்டு. 2001 நவம்பரில் நிண்டெண்டோவின் 'கேம்கியூப்' அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன் வந்த 'பிளேஸ்டேஷன் 2' 299 டாலர். அந்நாளில் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நம் நாணயம் கட்டப்பட்டிருந்தது. அக்கணக்கில் முன்னது 756 வெள்ளி, பின்னது 1,136 வெள்ளி. வேறுபாடு 380 வெள்ளி. ஆற்றலிலும் கேம்கியூப் குறைந்ததன்று. ஆனால் பிளேஸ்டேஷன் 2 டி.வி.டி. படத்தையும் காட்டும், கேம்கியூபின் சிறு வட்டு அதற்கு உதவாது. மகன் ஆடி முடித்தபின் அதே பெட்டியில் தாய் தமிழ்ப்படம் பார்க்கலாம் என்றால், அந்த 380 வெள்ளியைத் தந்தை வேறு கணக்கில் எழுதிக்கொள்வார். உலகில் கேம்கியூப் 2 கோடியே 17 இலட்சம் விற்றது. பிளேஸ்டேஷன் 2 விற்றதோ 15 கோடிக்கும் மேல்.

ஐந்தாண்டு கழித்து அதே நிண்டெண்டோ 'வீ' என்னும் பெட்டியை 249.99 டாலருக்கு விற்று 10 கோடியைத் தாண்டியது. ஆற்றலில் மிக உயர்ந்த 'பிளேஸ்டேஷன் 3' அதே மாதத்தில் 499 டாலரிலும் 599 டாலரிலும் வந்தும் அவ்வெண்ணை எட்டவில்லை. கையை வீசி ஆடும் புதுமை பாட்டியையும் ஆட வைத்தது. அடுத்து 2012-இல் வந்த 'வீ யு' அத்தகைய புதுமையை மக்களுக்கு விளங்க வைக்க முடியாமல் 1 கோடியே 35 இலட்சத்தோடு நின்றது.

இனி அண்மைக் காலம். 2020 நவம்பர் 10 அன்று மைக்ரோசாஃப்ட் இரு பெட்டிகளை ஒரே நாளில் வெளியிட்டது. அன்று 'சீரிஸ் எக்ஸ்' விலை 499 டாலராயிருந்தது. 'சீரிஸ் எஸ்' விலை 299 டாலராயிருந்தது. இரண்டும் ஒரே ஆட்டங்களை ஆடும். மலிவானதில் படத்தின் நுணுக்கம் குறையும், வெளிவந்தபோது ஆட்டங்களைச் சேமிக்கும் இடமும் பாதியாகவே இருந்தது. இவற்றைப் பெற்றோர் பொறுத்துக்கொள்ளலாம். நான் அவர்களைக் கவனிக்கச் சொல்வது வேறொன்று. சீரிஸ் எஸ்ஸில் வட்டு செருகும் வாய் இல்லை. ஆட்டம் ஒவ்வொன்றையும் இணையத்தின் வழியே நிறுவனத்தின் கடையில்தான் பெறவேண்டும். ஆடி முடித்த வட்டைப் பாதி விலைக்கு விற்க இயலாது. பழைய வட்டை வாங்க இயலாது. அடுத்த வீட்டுப் பையனிடம் ஒரு வாரத்துக்கு இரவல் பெறவும் இயலாது. பெட்டியின் விலையில் மிச்சம் பிடித்த தந்தை, பிள்ளை ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் கேட்பான் என்பதை முதலில் அவனிடமே கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகட்டும்.