1024 இடங்களின் கணக்கு

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு, 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஹெக்-2எம் என்னும் இயந்திரம் வந்து சேர்ந்தது. இந்தியாவில் இயங்கிய முதல் எண்முறைக் கணினி அதுவே. அதன் நினைவகம் சுழலும் காந்த உருளை. கொள்ளளவு 1024 சொற்கள்.

ஆணைகள், தரவுகள், இடைக்கால விடைகள் அனைத்தும் அந்த 1024 இடங்களுக்குள் அடங்கவேண்டும். பொறிமொழியில் நிரல் எழுதியோர் ஒவ்வோர் இடத்தையும் அதன் எண்ணாலேயே அறிந்தனர். எந்த இடம் எதற்குரியது, எந்தக் கட்டத்திற்குப்பின் அது வேறொன்றுக்குத் தரப்படலாம் என்பது இயந்திரத்தை அணுகுமுன் தாளிலேயே தீர்மானமாயிற்று. ஓர் இடம் வீணானால் அது மறைந்திருக்க வழியில்லை. நிரல் உருளையில் கொள்ளாது, அவ்வளவே. அக்கால வறுமையைப் பேசுவோர், அவ்வறுமையே ஒரு கண்டிப்பான தணிக்கையாளராக இருந்ததைச் சொல்வதில்லை.

நினைவகம் பெருகிய பின்னரே 'கசிவு' பிறந்தது. எவ்வளவு இடம் தேவை என்பது ஓட்டத்தின் நடுவில்தான் தெரியும் நிரல்கள் வந்தன. லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1960இல் விவரித்த வழி, பயனற்ற இடங்களை இயந்திரமே தேடி மீட்பது. சி மொழியின் உலகம் அவ்வழியை ஏற்கவில்லை. 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் மாலாக் இடம் கொடுத்தது. ஃப்ரீ அதைத் திரும்பப் பெற்றது. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு, உருளைக் காலத்தைப் போலவே, மனிதரிடம் நின்றது. அவர்கள் கையிலிருந்த தாள் மட்டும் மறைந்துவிட்டது.

கசிவு பெரும்பாலும் நேர்வழியில் நிகழ்வதில்லை. ஒரு செயற்கூறு முதலில் ஓரிடம் பெறுகிறது, அடுத்து ஒரு கோப்பைத் திறக்க முயல்கிறது, கோப்பு திறக்கவில்லை, பிழைக்குறியுடன் உடனே திரும்பிவிடுகிறது. முன்பு பெற்ற இடத்தின் முகவரி அத்துடன் தொலைகிறது. ரீஆலாக் இன்னும் நுட்பமான பொறி: அதன் விடையைப் பழைய சுட்டியிலேயே ஏற்றினால், கோரிக்கை தோற்கும்போது பழைய முகவரி அழிந்துவிடும், இடமோ பிடிபட்டபடியே இருக்கும். முன்னதற்குத் தீர்வு, எல்லாப் பிழைவழிகளும் ஒரே வாயிலில் வந்து, பெற்றவற்றைத் தலைகீழ் வரிசையில் விடுவிப்பது. பின்னதற்குத் தனியொரு தற்காலிகச் சுட்டி போதும். சில மணித்துளிகளில் முடியும் நிரலில் இக்கசிவுகளை எவரும் உணரார். மாதக்கணக்கில் ஓயாது ஓடும் வழங்கியில் அவை சேர்ந்து சேர்ந்து அதையே வீழ்த்தும்.

ஜூலியன் சீவர்டின் வால்கிரைண்ட் 2002இல் வந்தபின் தேடுதல் எளிதாயிற்று. விடுவிக்கப்படாத ஒவ்வொரு துண்டும் எந்த வரியில் பெறப்பட்டது என்பதை அது காட்டுகிறது. எந்த வரியில் விடுவித்திருக்கவேண்டும் என்பதை அதனால் சொல்ல இயலாது. அந்த இடத்திற்கு உரியவர் யார் என்று நிரலில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆகவே கசிவைச் சரிசெய்வோர் ஃப்ரீ என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு முன், அழைத்த கூறு விடுவிக்கவேண்டுமா, அழைக்கப்பட்ட கூறா என முடிவுசெய்து, அதைச் செயற்கூற்றின் தலைப்பில் குறிப்பாக எழுதிவைக்கின்றனர்.