ஆறு பேர், ஒரு மீன்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், எம்மன்ஸ் அவென்யூ என்ற கடலோரத் தெருவை ஒட்டிக் கிடக்கிறது ஷீப்ஸ்ஹெட் பே. தெருவின் ஒரு பக்கம் உணவகங்களும் அடுக்குமாடி வீடுகளும். மறுபக்கம், பணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க ஆள் ஏற்றிச் செல்லும் படகுகள். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, வருகிறவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்ளும் பெரிய படகு 'பார்ட்டி போட்'. ஒரு குழு மொத்தமாக வாடகைக்குப் பேசி எடுப்பது 'சார்ட்டர்'. சார்ட்டர் படகுகளில் பெரும்பாலானவை ஆறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏழாவதாக ஒருவர் வந்து நின்றால், எவ்வளவு நெருங்கிய நண்பரானாலும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

தண்ணீருக்குள் போனபிறகும் கணக்கு தொடர்கிறது. ஸ்ட்ரைப்டு பாஸ் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதுவும் கடலில் பிடித்ததென்றால் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஆறு, ஒன்று, 28, 31 என்ற இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு விபத்து, சில வழக்குகள், மீனே அற்றுப்போன ஒரு பத்தாண்டு என்று நீண்ட கதை இருக்கிறது.

ஸ்ட்ரைப்டு பாஸ் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடும் மீன். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள் ஓடும். செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள், டெலவேர் ஆறு, ஹட்சன் ஆறு ஆகியவைதாம் இதன் முக்கியப் பிறப்பிடங்கள். வசந்தத்தில் ஹட்சனில் ஏறி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் மீன்கள், நியூயார்க் துறைமுகத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வெள்ளைக் குடியேறிகளுக்கு இது தொடக்கத்திலேயே தெரிந்த மீன். வயலுக்கு உரமாகப் புதைக்கும் அளவுக்கு மலிந்து கிடந்தது. 1639-இலேயே மாசசூசெட்ஸ் பே குடியேற்றம், காட் மீனையும் பாஸ் மீனையும் உரமாக்கக் கூடாது என்று ஆணையிட்டது.

பொழுதுபோக்காக மீன்பிடிப்பதில் முதலில் முன்னால் நின்றவர்கள் செல்வந்தர்கள். 1864-இல் மாசசூசெட்ஸின் கட்டிஹங்க் தீவில் நியூயார்க்காரர்கள் ஒரு பாஸ் மீன்பிடிக் கழகமே அமைத்தார்கள். பாறைகளிலிருந்து கடலுக்குள் நீளும் மேடைகளில் நின்றுகொண்டு தூண்டில் வீசினார்கள். சாமானியர்களின் காலம் பிறகு வந்தது. மோட்டார் படகும் ரயிலும் வந்தபின், வாரம் முழுக்கத் தொழிற்சாலையிலும் கடையிலும் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கடலில் கழிக்க முடிந்தது. 1930களில் நகராட்சி எம்மன்ஸ் அவென்யூவை அகலப்படுத்தி, படகுகளுக்கு வரிசையாகத் துறைகள் கட்டியது. 1934-இல் அங்கே திறந்த லண்டிஸ் என்ற பிரம்மாண்டமான கடலுணவகம், அந்தத் தெருவின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இன்னும் தொலைவு போக மனமிருந்தவர்களுக்கு, லாங் ஐலண்டின் கிழக்கு முனையில் மாண்டாக் இருந்தது. நகரத்திலிருந்து அங்கே 'ஃபிஷர்மென்ஸ் ஸ்பெஷல்' என்ற ரயில் விட்டார்கள். விடியுமுன் கிளம்பும் அந்த ரயில், கடற்படை முன்பு பயன்படுத்திய ஒரு துறைக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். துறைக்கு 'ஃபிஷாங்ரிலா' என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி நிற்குமுன்பே குதித்து, நல்ல படகில் இடம்பிடிக்க ஓடுவது அங்கே வழக்கம். இன்ன படகில் இத்தனை பேர் என்று யாரும் எண்ணிப்பார்க்கவில்லை.

1951 செப்டம்பர் 1, சனிக்கிழமை. திங்கள்கிழமை தொழிலாளர் தின விடுமுறை என்பதால் கூட்டம் அதிகம். எடி கரோல் என்ற கேப்டனின் 'பெலிகன்' 42 அடிப் படகு. அதில் அவரையும் உதவியாளரையும் சேர்த்து 64 பேர் ஏறியிருந்தார்கள். காலையில் கடல் அமைதியாக இருந்தது. மாண்டாக் முனையைச் சுற்றித் தெற்கே போய்த் தூண்டில் போட்டார்கள். பிற்பகலை நெருங்கும்போது வடகிழக்குக் காற்று கிளம்பியது. கரோல் படகைத் திருப்பினார். வழியில் இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுபோனது. வடியும் நீரோட்டம் ஒரு பக்கம், அதை எதிர்த்து வீசும் காற்று மறுபக்கம். மாண்டாக் கலங்கரை விளக்கம் கண்ணுக்கெட்டும் தொலைவில், அடுத்தடுத்து வந்த அலைகள் படகைக் கவிழ்த்தன. குளிருக்கும் நுரைக்கும் ஒதுங்கிக் கேபினுக்குள் நெருக்கியடித்து நின்றவர்களால் வெளியே வரவே முடியவில்லை. அக்கம்பக்கத்துப் படகுகள் 19 பேரைத் தூக்கிக் காப்பாற்றின. கரோல் உட்பட 45 பேர் இறந்தார்கள்.

அதுவரை இத்தகைய சிறு மோட்டார் படகுகளுக்குக் கட்டாயச் சோதனை எதுவும் கிடையாது. 1956-இல் அமெரிக்க காங்கிரஸ் புதிய சட்டம் இயற்றியது: பணம் வாங்கி ஆறு பேருக்கு மேல் ஏற்றும் படகு எதுவானாலும், கடலோரக் காவல்படையின் சோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை மிதவை அங்கி என்பதெல்லாம் அந்தச் சான்றிதழில் எழுதியிருக்கும். தொழில் இரண்டாகப் பிரிந்தது. சோதனைச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் பெரிய பார்ட்டி போட்டுகளை ஓட்டினார்கள். மற்றவர்கள் ஆறு பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்று ஆறு பேர் உரிமம் வைத்திருக்கும் கேப்டனை அங்கே 'சிக்ஸ்பேக்' என்றே சொல்கிறார்கள்.

அந்தப் படகுகளின் கோடைகாலச் சோறு புளூஃபிஷ். கூட்டமாக வரும், இரை மீன் கூட்டத்தில் பாய்ந்து, தின்பதைவிட அதிகமாகக் கடித்துக் குதறும். ஸ்ட்ரைப்டு பாஸ் படகுக்கு வந்தால் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கிவிடலாம். உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரக்கும், அவ்வளவுதான். புளூஃபிஷ் வாயில் கைவைத்தால் விரல் மிஞ்சாது. அதனால்தான் தூண்டில் முள்ளுக்கு மேலே நைலானுக்குப் பதில் கம்பி கட்டுகிறார்கள். முள்ளை எடுப்பது 'மேட்' என்று அழைக்கப்படும் உதவியாளரின் வேலை. நீண்ட இடுக்கியோடு அவர் வருவார். பிறகு செவுளை அறுத்து, இரத்தம் வடியவிட்டு, உடனே ஐஸில் புதைப்பார். எண்ணெய்ச் சத்து மிகுந்த சதை. வெயிலில் கொஞ்சநேரம் கிடந்தாலே கெட்டுவிடும். பத்திருபது மீனைச் சாக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், அண்டை வீட்டாருக்கெல்லாம் பங்கு வைப்பது அந்நாளில் சாதாரணம்.

ஸ்ட்ரைப்டு பாஸுக்கு ஆபத்து ஆற்றிலிருந்து வந்தது. 1962-இல் கான் எடிசன் மின் நிறுவனம், ஹட்சன் கரையின் ஸ்டார்ம் கிங் மலையில் ஒரு நீர்மின் நிலையம் கட்டத் திட்டமிட்டது. அந்த இடம் பாஸ் முட்டையிடும் பகுதி என்று இதழாளரும் தூண்டில்காரருமான ராபர்ட் பாயில் விடாமல் எழுதினார். 1965-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்தின் உரிமத்தை ரத்து செய்தது. வழக்கு இழுத்தடித்து, 1980-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

அதற்குள் வேறொரு கேடு வெளிச்சத்துக்கு வந்திருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இரண்டு ஆலைகள் 1947 முதல் 1977 வரை ஆற்றின் மேற்பகுதியில் கலந்துவிட்ட பி.சி.பி. என்ற நச்சுப்பொருள், ஏறக்குறைய 13 லட்சம் பவுண்டு என்பது மதிப்பீடு. 1976-இல் நியூயார்க் மாநிலம் ஹட்சனில் ஸ்ட்ரைப்டு பாஸை வணிகத்துக்காகப் பிடிக்கத் தடை விதித்தது.

விற்கத் தகாத அந்த மீன்தான் நகரத்தின் மிகப்பெரிய சாலைத் திட்டம் ஒன்றைத் தடுத்து நிறுத்தியது. மன்ஹாட்டனின் மேற்குக் கரையில் ஆற்றைத் தூர்த்து 'வெஸ்ட்வே' நெடுஞ்சாலை போட ஏற்பாடாகியிருந்தது. அங்கே இற்றுப்போய் நின்ற பழைய படகுத்துறைகளின் கால்களுக்கிடையே, பாஸ் குஞ்சுகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று ஆய்வில் தெரிந்தது. அதை அரசு சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று 1982-இல் நீதிபதி தாமஸ் கிரீசா தீர்ப்பளித்தார். 1985-இல் திட்டமே கைவிடப்பட்டது.

இதே காலத்தில் கடலில் மீன் அற்றுக்கொண்டிருந்தது. அட்லாண்டிக் கரையில் வணிகத்துக்காகப் பிடித்த ஸ்ட்ரைப்டு பாஸ் 1973-இல் சுமார் 1.5 கோடி பவுண்டு. பத்தே ஆண்டில் அது 35 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அளவுக்கு மீறிப் பிடித்ததும், செசபீக்கில் குஞ்சுகள் பிழைக்காததும் சேர்ந்த விளைவு. 1984-இல் காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டது; அட்லாண்டிக் கரை மாநிலங்களின் மீன்வள ஆணையம் வகுக்கும் விதிகளை ஏற்காத மாநிலத்தில் மீன்பிடிப்பை மத்திய அரசே நிறுத்திவிடலாம். செசபீக் கரையிலுள்ள மேரிலாந்து 1985 தொடக்கத்திலிருந்து ஐந்து ஆண்டுகள் முழுத்தடை விதித்தது. சார்ட்டர் தொழிலை அப்போது தாங்கிப்பிடித்தவற்றில் முக்கியமானது, எண்ணிக்கையில் உச்சத்தில் இருந்த புளூஃபிஷ். பொறுத்ததற்குப் பலன் கிடைத்தது: 1995-இல் ஸ்ட்ரைப்டு பாஸ் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

நகரமும் மாறியிருந்தது. 1986 வரை மன்ஹாட்டனின் மேற்குப் பக்கத்துக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஹட்சனில் விழுந்தது. அந்த ஆண்டு நார்த் ரிவர் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மத்தி இனத்தைச் சேர்ந்த மென்ஹேடன் மீன்கள் பெருங்கூட்டமாக வர, அவற்றைத் துரத்திப் பாஸும், ஏன், திமிங்கிலங்களும்கூட வந்தன. இப்போது சுதந்திர தேவி சிலையின் நிழலிலும், வெரசானோ பாலத்தின் அடியிலும் சார்ட்டர் படகுகள் தூண்டில் போடுகின்றன.

ஆனாலும் கணக்கு மறுபடி சறுக்கியது. செசபீக்கில் சில ஆண்டுகளாகக் குஞ்சுகள் குறைந்துவிட்டன. 2015-இல் பிறந்த நல்ல தலைமுறை பிடிக்கும் அளவுக்கு வளர்ந்ததும், 2022-இல் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்தத் தலைமுறையைக் காப்பாற்றத்தான் 2023-இல் அவசர ஆணையாக 31 அங்குல உச்சவரம்பு வந்தது. விட்டுவிட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். நூற்றுக்கு ஒன்பது செத்துவிடும் என்று விஞ்ஞானிகள் கணக்கு வைக்கிறார்கள். இரை போட்டுப் பிடிப்பவர்கள் உள்நோக்கி வளைந்த வட்டமுள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி இதனால் வந்தது.

புளூஃபிஷும் தப்பவில்லை. ஒரு நாளைக்கு 15 என்றிருந்த வரம்பு 2020-இல் குறைக்கப்பட்டது. அப்போது சொந்தப் படகிலும் கரையிலும் பிடிப்பவருக்கு மூன்று என்றானது. சார்ட்டர், பார்ட்டி போட் பயணிகளுக்கு ஐந்து என்றானது. காசு கொடுத்து வருகிறவர் இரண்டு மீன் கூடுதலாகக் கேட்பது நியாயம்தான் என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஸ்ட்ரைப்டு பாஸிலும் தங்களுக்குச் சற்றுப் பெரிய மீனை அனுமதிக்க வேண்டும் என்று கேப்டன்கள் வாதாடினார்கள். 2024 ஜனவரியில் ஆணையம் அதை மறுத்துவிட்டது. ஆயிரம் டாலர் கொடுத்துப் படகெடுத்தவருக்கும், கரையில் நின்று தூண்டில் வீசுகிறவருக்கும் அளவு அதே 28 முதல் 31 அங்குலம், ஆளுக்கு ஒன்று.