நாட்காட்டியும் கடிகாரமும்: பெங்களூருவின் பொதுப் பொழுதுபோக்கு வெளிகள்

உதகமண்டலத்துக்குச் சீசன் உண்டு; பெங்களூருவுக்கு இல்லை. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் வாரங்களில் உதகையின் சாலைகள் திணறிப்போகின்றன. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்கள் இ-பாஸ் பெற்றே ஆக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கும் வந்தது. பின்லாந்தின் ஊலு போன்ற வடபுலத்து நகரங்களுக்கு இருப்பது நேரெதிரான சிக்கல். ஆண்டின் பாதியைப் பனி மூடிக்கொள்ளும். அங்கே நகராட்சி குளிர்காலம் முழுக்க மிதிவண்டிப் பாதைகளில் பனியை அகற்றுகிறது. பனிச்சறுக்குத் தடங்களில் விளக்கேற்றி வைக்கிறது. ஜனவரி இருட்டிலும் மக்கள் வெளியே வருகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் ஒரு துறை, ஒரு வரவுசெலவுக் கணக்கு, ஒரு வேலைத்திட்டம் இருக்கின்றன.

பனி கொட்டும் ஊரில் இந்த உழைப்பு எல்லோருக்கும் தெரிகிறது. பெங்களூருவில் இதமான வானிலை அதை மறைத்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரம், இரண்டு பருவமழைகளிலும் கொஞ்சம் பங்கு, ஏப்ரலில்கூடச் சராசரியாக 34 பாகையை ஒட்டியே நிற்கும் பகல் வெப்பம்: இவை போதும், மீதியை இயற்கை பார்த்துக்கொண்டது என்ற எண்ணம் ஊருக்குள்ளும் வெளியிலும் பரவலாக உண்டு. இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஆண்டு முழுவதும் வெளியே உலவக்கூடிய நகரமாகப் பெங்களூரு ஆனதற்கு மனிதர்கள் இட்ட திட்டமே முதற்காரணம். அந்தத் திட்டம் பருவங்களை மிகத் திறமையாகக் கையாண்டது. நாளின் மணிநேரங்களைக் கையாளுவதில்தான் இந்நகரம் தொடர்ந்து தவறிவருகிறது.

திட்டத்தின் தொடக்கம் லால்பாக். ஹைதர் அலி 1760இல் சுமார் 40 ஏக்கரில் தொடங்கிய தோட்டத்தைத் திப்பு விரிவாக்கினார். 1856இல் அது அரசுத் தாவரவியல் பூங்கா ஆயிற்று. இன்று அதன் பரப்பு 240 ஏக்கர். 1874 முதல் 1908 வரை பொறுப்பிலிருந்த ஜான் கேமரன் காலத்தில் எழுந்தது கண்ணாடி மாளிகை. 1889 நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அடிக்கல் நாட்டினார். லண்டன் கிரிஸ்டல் பேலஸை முன்மாதிரியாகக் கொண்ட அந்தக் கட்டடத்தில்தான் குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க் கண்காட்சி நடக்கிறது. தமிழ்நாட்டுச் சந்தையில் பெங்களூர் கத்திரிக்காய் என்று விற்கும் சௌசௌவை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்ததும் கேமரன் காலத்து லால்பாக்தான் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கேமரனுக்குப் பின் வந்த குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல் இக்கட்டுரையின் மைய மனிதர். ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே 1865இல் பிறந்தவர். லண்டன் கியூ தோட்டத்தில் பணியாற்றி, 1893இல் பரோடா அரசரின் தோட்டங்களுக்கு வந்து, 1908இல் மைசூர் அரசின் அழைப்பில் பெங்களூரு சேர்ந்தார். ஜெர்மானியர் என்பதற்காக இரு உலகப்போர்களின்போதும் பிரிட்டிஷார் அவரைக் காவலில் வைத்தார்கள். ஆனாலும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை. 1956இல் இங்கேயே காலமானார். ஓசூர் சாலைக் கல்லறையில் அடக்கமானார். ஒரு தெருவின் மரங்கள் பூத்து ஓயும்போது அடுத்த தெருவின் மரங்கள் பூக்கத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பன்னிரண்டு மாதங்களிலும் நகரத்தின் ஏதோ ஒரு மூலை பூத்திருக்க வேண்டும். இதைத் தொடர்பூப்பு முறை எனலாம்.

அதன் பலன் இன்றும் கண்கூடு. ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா பூக்கிறது. மஞ்சள் டபேபுயாவும் ஊதா ஜகரண்டாவும் பின்தொடர்கின்றன. மார்ச்சில் புங்கமரங்கள் தளிர்விடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகரும் சரக்கொன்றையும், மழை ஓய்ந்தபின் மரமல்லியும் முறைவைத்து வருகின்றன. இவற்றில் பல தென்னமெரிக்கா, மடகாஸ்கர், பர்மா நாட்டு மரங்கள். ஆகவே இங்குள்ள வசந்தம் வானத்திலிருந்து இறங்கியதன்று; அலுவலகக் கோப்புகளிலும் நாற்றங்கால்களிலும் உருவானது. கிரும்பீகலுக்குப் பின் ஜவராயா, மரிகவுடா ஆகியோர் அந்த மரபைத் தொடர்ந்தார்கள். 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் நகரம் முழுக்க இலட்சக்கணக்கான மரங்களை நட்டுப் புதிய குடியிருப்புகளுக்கும் நிழல் தந்தார்.

வானிலை மட்டும் போதாது என்பதற்கு வெப்பமானிப் பதிவே சான்று. 2016 ஏப்ரல் 24 அன்று நகரில் 39.2 பாகை வெப்பம் பதிவானது. அத்தகைய நாளில் நிழலற்ற வெளிவட்டச் சாலையில் பத்து நிமிடம் நிற்க முடியாது. கப்பன் பூங்காவின் மூங்கிற்புதர் அடியில் ஒரு மணிநேரம் உட்காரலாம். ஒரே நகரம், ஒரே வானிலை. இடையில் இருப்பது நூறாண்டுக்கு முந்தைய ஒரு முடிவு.

மரங்கள் இட்ட நாட்காட்டியின் மேல் மக்கள் தங்கள் நாட்காட்டியை எழுதிக்கொண்டார்கள். ஜனவரியில் குமாரகிருபா சாலையை ஒரு ஞாயிறு முழுக்க ஓவியர்களுக்கு விட்டுக்கொடுக்கும் சித்திரச் சந்தை. விஸ்வேஸ்வரபுரத்தில் வேரூன்றிய அவரைக்காய் மேளா. 1939 முதல் சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளி வளாகத்தில் நடந்துவரும் ஸ்ரீராமசேவா மண்டலியின் ராமநவமி இசைவிழா. மே, ஜூனில் கோலார், ராமநகர உழவர்கள் லால்பாகுக்குள் கடைவிரிக்கும் மாம்பழ மேளா. கார்த்திகையின் கடைசித் திங்களன்று பசவனகுடி பெரிய நந்தி கோயிலடியில் கூடும் கடலைக்காய்ப் பரிஷே என்னும் சந்தை. இவற்றில் எதையும் சுற்றுலாத் துறை கண்டுபிடிக்கவில்லை. சபா, கோயில், உழவர், ஓவியர் என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் நுழையச் சீட்டு வேண்டாம்.

இத்தகைய விழாக்களுள் கரகம் தனியாகப் பேசத்தக்கது. சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து பெண்கோலம் பூண்ட ஓர் ஆண் மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்திப் புறப்படுகிறார். உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் உடன் வருகிறார்கள். பழைய பேட்டைத் தெருக்களைச் சுற்றும் ஊர்வலம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்றே செல்கிறது. வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கூத்தையும் தீமிதியையும் அறிந்த தமிழருக்கு இதன் உறவு சட்டெனப் புரியும். விழாவை நடத்தும் திகளர் தமிழ்வழி வந்த தோட்டக்காரச் சமூகத்தினர்; நகரத்துக்குக் காய்கறியும் பூவும் கீரையும் பல தலைமுறைகளாக விளைவித்துத் தந்தவர்கள். தோட்ட நகரம் என்ற பெயரின் பெருமையை அரசர்களுக்கும் ஐரோப்பியக் கண்காணிப்பாளர்களுக்கும் மட்டும் கொடுத்துவிட்டு, மண்வெட்டி பிடித்த இந்தக் கைகளை மறப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

திகளர் தோட்டங்கள் நம்பியிருந்த நீர்நிலைகளில் ஒன்று சம்பங்கி ஏரி. அதன் கதை இங்கே அவசியம். சூழலியல் ஆய்வாளர் ஹரிணி நாகேந்திராவும் அவருடன் பணியாற்றியவர்களும் பழைய ஆவணங்களைத் துருவி 2016இல் வெளியிட்ட கட்டுரை, அந்த ஏரி விளையாட்டரங்கமாக மாறிய வரலாற்றைப் படிப்படியாகக் காட்டுகிறது. வறண்ட கரைப்பரப்பில் போலோ ஆட விரும்பியவர்களுக்கு நீர் இடைஞ்சல். தோட்டக்காரர்களுக்கு நீரே பிழைப்பு. முடிவில் ஏரி வற்றியது. அந்த இடத்தில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. கரகச் சடங்குக்காகச் சிறு குட்டையொன்று மட்டும் மிச்சம். ஒருவரின் பொழுதுபோக்குக்காக இன்னொருவரின் பிழைப்பும் வழிபாடும் விலையாகக் கொடுக்கப்பட்டன. வேறு ஏரிகளும் தப்பவில்லை: தர்மாம்புதி ஏரியில் கெம்பேகவுடா பேருந்து நிலையம் வந்தது; கோரமங்களா ஏரியில் 1997 தேசிய விளையாட்டுகளுக்கான குடியிருப்பு எழுந்தது. பொழுதுபோக்கு என்றாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. யார் பொழுது, எவருடைய நிலம் என்ற கேள்விகளை ஆய்வாளர் விடாமல் கேட்க வேண்டும்.

அடைப்பும் சீட்டும் உள்ள கேளிக்கைகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பிடதி அருகே 2005இல் திறந்த வொண்டர்லா, செயற்கைப் பனி கொட்டும் ஸ்னோ சிட்டி ஆகியவை தமக்கென நிலம் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ தொழில் நடத்துகின்றன; அதில் குறைகாண ஏதுமில்லை. பொதுவெளியையே அந்த வார்ப்பில் அடைக்க முயன்றதுதான் கோளாறு. 2000களில் ஹெப்பாள், நாகவாரா, அகரா ஏரிகள் தனியாருக்குக் குத்தகைக்குப் போயின. நாகவாராவில் அலைக்குளமும் படகுத்துறையும் வந்தன. 2008இல் பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. நீதிபதி என்.கே. பாட்டீல் குழு ஏரிகளை ஆராய்ந்தது. 2012இல் உயர்நீதிமன்றம் ஏரிகளைப் பொதுச் சொத்தாகக் காக்கும் வழிமுறைகளை வகுத்தது.

இனி கடிகாரத்துக்கு வருவோம். நகரில் மாநகராட்சிப் பூங்காக்கள் ஆயிரத்துக்கும் மேல். நெடுங்காலமாக இவற்றில் பெரும்பாலானவை காலையில் சில மணிநேரமும் மாலையில் சில மணிநேரமும்தான் திறந்திருந்தன, நடுப்பகலில் பூட்டு. இந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்? விடியலில் நடைபழகும் ஓய்வூதியருக்கும், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவரும் நடுத்தரக் குடும்பத்துக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போகும்வரை கிடைக்கும் ஓய்வு நண்பகலில்தான். உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கு மதியக் கெடுபிடி தணிந்த மூன்று மணிக்குத்தான் உட்கார நேரம். கட்டடத் தொழிலாளிக்கும் அப்படியே. கிரும்பீகல் ஏப்ரலுக்கு நிழல் தந்தார். அந்த நிழல் மிகவும் தேவைப்படும் வேளையில் வாயிற்கதவு சாத்தியிருந்தது.

2024 ஜூனில் பூங்காக்கள் காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் என அரசு அறிவித்தது. நல்ல முடிவு. உடனே எதிர்ப்பும் எழுந்தது. பராமரிப்புக்கு நேரம் வேண்டும், காதலர்களும் குடிகாரர்களும் வந்து சேருவார்கள், காவலாளி போதாது என்பவை அதில் அடிக்கடி கேட்டவை. முதல் வாதத்தில் நியாயம் உண்டு. அதற்குப் பகுதிபகுதியாகப் பணிசெய்யும் முறை இருக்கிறது. மற்றவை பயத்தின் வாதங்கள். ஆளற்ற இடத்தைவிட ஆள்நடமாட்டமுள்ள இடமே பாதுகாப்பானது என்பதற்கு கப்பன் பூங்கா நகரின் நடுவிலேயே சான்றாக நிற்கிறது.

1870இல் ரிச்சர்ட் சாங்கி அமைத்த அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளேயும் ஓரத்திலும் மாநில மைய நூலகம், வேங்கடப்பா கலைக்கூடம், 1965இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், பால பவனின் பொம்மை ரயில் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் உள்ளன. மெட்ரோ வாசலிலேயே நிற்கிறது. ஞாயிறன்று உட்சாலைகளில் வாகனங்கள் ஓடா. 2023 முதல் சனிக்கிழமைக் காலைகளில் இளைஞர்கள் புல்லில் பாய்விரித்து வாய்திறவாமல் புத்தகம் படிக்கும் வழக்கம் இங்கிருந்து பல நகரங்களுக்குப் பரவியது. அதற்கு மேடையோ ஒலிபெருக்கியோ நிதியுதவியோ தேவைப்படவில்லை. திறந்த வாயிலும் மரநிழலும் போதுமாயிருந்தன. ரசீதில் பதிவாகாத இத்தகைய பயன்பாட்டை எண்ணத் தெரியாத கணக்குமுறை, சீட்டு விற்கும் இடத்தையே வெற்றி என்று கொள்ளும்.

கிழக்குப் புறநகரில் நிலைமை வேறு. தகவல்தொழில்நுட்ப வளாகங்கள் நிறைந்த அப்பகுதிக்கு லால்பாக்போல ஒரு பரம்பரைச் சொத்து இல்லை, ஏரிகள்தாம் உண்டு. சர்ஜாபூர் சாலையில் கைகொண்ட்ரஹள்ளி ஏரியைக் குடியிருப்பாளர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டார்கள். வடக்கே ஜக்கூரில் சுத்திகரித்த கழிவுநீர் நாணற்படுகை வழியாக ஏரிக்குள் சேர்கிறது, மீன்பிடிப்பும் நடக்கிறது. இவை பாராட்டுக்குரிய முன்மாதிரிகள். ஆனால் பல ஏரிகளில் மீட்பு என்பது வேலியும் நடைபாதையும் என்று சுருங்கியபோது மாடு மேய்ப்பவரும் துணி வெளுப்பவரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். சம்பங்கியில் நடந்ததற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

மையத்து நீர்நிலைகளில் அல்சூர் ஏரி தமிழர் வாழ்வோடு நெருங்கியது. 1950இல் தோன்றிய பெங்களூருத் தமிழ்ச் சங்கம் அதன் கரையோரம் இயங்குகிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று அங்கே திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை. வள்ளுவர் சிலையைக் காண வருபவர் ஏரிக்கரையில் உலவிவிட்டுப் போகும்படி பாதைகளும் நேரமும் அமைந்தால் சிலையும் ஏரியும் பயன்பெறும்.

சட்டத்தின் துணை இல்லாமல் எதுவும் நிலைக்காது. கப்பன் பூங்காவும் லால்பாகும் 1975ஆம் ஆண்டுப் பூங்காப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சுரங்கச் சாலைக்காக லால்பாகின் ஓரத்தில் நிலம் எடுக்கும் யோசனை 2025இல் எழுந்தபோது, 300 கோடி ஆண்டுப் பழைமைவாய்ந்த அதன் பாறைக்கு என்ன ஆகும் என்ற கவலையோடு மக்கள் திரண்டார்கள். நிலத்தின் எல்லைக்காக இப்படித் திரளும் நகரம், நேரத்தின் எல்லைக்காகவும் திரள வேண்டும். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைந்து ஐந்து மாநகராட்சிகள் வந்துள்ளன. ஒவ்வொன்றும் தன் பூங்காக்களின் திறப்பு நேரம், கழிப்பறை, குடிநீர், விளக்கு ஆகியவற்றை வார்டுவாரியாக வெளியிட வேண்டும். காலை ஏழு மணியோடு பிற்பகல் இரண்டு மணிக்கும் உள்ளே இருப்பவர்களை எண்ண வேண்டும். வெயில் கடுமையான மார்ச்சிலிருந்து மே வரை இந்தக் கணக்கெடுப்பை நடத்தினால், எந்தப் பூங்காவில் யாருக்கு நிழல் கிடைக்கவில்லை என்பது அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.