ஆண், பெண், மிருகம்

சீர்காழியிலிருந்து கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரம். புலிக்கால் கொண்ட வியாக்ரபாதரும், இடுப்புக்குக் கீழே பாம்பாகிவிட்ட பதஞ்சலியும் அங்கே நடராசனைத் தொழுது நிற்கிறார்கள். எங்கள் ஊர்ச் சட்டைநாதரோ திருமாலின் தோலையே சட்டையாகப் போர்த்தியவர் என்கிறது தலபுராணம். உடம்புகள் ஒன்றுக்குள் ஒன்று கலப்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதுசில்லை. ஆனால் இதைக் காட்டி 'நம்ம மரபு எல்லாத்தையும் ஏத்துக்கிட்டது' என்று முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோபுரத்துச் சுதையில் இடம் கிடைத்த உடல், தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறாக ஆணோடோ பெண்ணோடோ மிருகத்தோடோ உறவுகொள்வதைக் குற்றமாக்கியது. அந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒருபால் விழைவுக்குப் பக்கத்தில் மிருகத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தது கலைஞர்கள் இல்லை, சட்டம்தான்.

தேஜல் ஷாவின் 'பிட்வீன் தி வேவ்ஸ்' (2012) என்ற நிர்மாணப் படைப்பை இந்த வரிசைக்கு எதிரான பிரதியாகவே நான் வாசிக்கிறேன். ஐந்து திரைகளில் ஓடும் காணொளி. நெற்றியில் கொம்பு கட்டிய உடல்கள் சதுப்புநிலக் காட்டிலும் குப்பைமேட்டிலும் அலைகின்றன, ஒன்றையொன்று தீண்டுகின்றன. கொம்பு, ஜெர்மானியக் கலைஞர் ரெபெக்கா ஹார்ன் 1970களின் தொடக்கத்தில் செய்த 'ஐன்ஹார்ன்' என்ற படைப்பிலிருந்து வந்தது. 1972இல் ஹார்ன் பங்கேற்ற அதே காஸல் நகர டாக்குமெண்டா கண்காட்சியில்தான் நாற்பது வருஷம் கழித்து ஷாவின் படைப்பும் வைக்கப்பட்டது. எனக்கென்னவோ சிந்துவெளி முத்திரையின் ஒற்றைக் கொம்பன்தான் ஞாபகம் வருகிறது. அது பக்கவாட்டுத் தோற்றம். இன்னொரு கொம்பு பின்னால் மறைந்திருக்கலாம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. தெரிவது ஒன்று, இருப்பது இரண்டு.

நம் பக்கத்து நிர்மாணக் கலை என்றால் கூவாகம். மரத்தலை, வைக்கோல் உடம்பு, மாலைகள். சித்திரைதோறும் கட்டப்பட்டுக் கலைக்கப்படும் அரவான், நாககன்னி உலூபியின் மகன். கிரீடத்துக்கு மேல் படமெடுத்த நாகம். ஆனால் மிருகத்தன்மை இங்கே முழுக்க தேவனுக்கே சொந்தம். தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கைகளுக்கு மிஞ்சுவது அறுப்பும் ஒப்பாரியும்தான். ஷாவிடம் கொம்பு அவரவர் நெற்றியில். இந்த இடமாற்றம் சின்ன விஷயமில்லை.

டில்லி உயர்நீதிமன்றம் 2009இல் 377இன் பிடியைத் தளர்த்தியது. உச்சநீதிமன்றம் 2013இல் திரும்ப இறுக்கியது. இடையில் வந்தது இந்தப் படைப்பு. 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு, வயதுவந்தோரின் சம்மத உறவை மட்டும் வரிசையிலிருந்து விடுவித்தது. 2024 ஜூலை 1இல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவிலோ அந்தப் பிரிவே கிடையாது. மிருகம் போயிற்று, பலாத்காரத்துக்கு ஆளாகும் ஆண், ஆயுள் தண்டனைவரை கேட்டு நிற்க இருந்த பிரிவும் கூடவே போயிற்று. திருநங்கை மீதான பாலியல் வன்முறைக்கு 2019ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் வைத்த அதிகபட்சத் தண்டனை இரண்டு வருஷம்.