சுவார்ட்சு ஐயரும் தஞ்சை நாட்டுப் பசியும்

தமிழகத்துக் கிறித்தவ சமயத் தொண்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இரு திறத்தினர். ஒரு திறத்தார் திருமுழுக்குப் பெற்றோரின் தொகையை எண்ணி அதுவே வரலாறு எனக் கொள்வர். மற்றைத் திறத்தார் அச்சு, அகராதி, உரைநடை எனத் தமிழுக்கு வாய்த்த நலன்களைப் போற்றி அவற்றோடு அமைவர். தமிழ்த் துறையைச் சார்ந்த நாம் பெரும்பாலும் இரண்டாம் திறத்தினர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தொண்டர் வந்திறங்கிய நாட்டில் மக்களுக்கு அப்பொழுது யாது வேண்டியிருந்தது, அது கிடைத்ததா என்னும் வினாவை இரு திறத்தாரும் அருகியே எழுப்பியுள்ளனர். காவிரிப் படுகையைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடைகாண ஒரு சிறந்த வாயில் உண்டு. அது 1778 முதல் 1798 வரை தஞ்சையில் வாழ்ந்த கிறித்தியான் பிரெடரிக்கு சுவார்ட்சு ஐயர் தம் முதுமையில், 1794-இல், இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார்க்கு எழுதிய நெடிய கடிதமாகும். தம் பணியின் மீது சாட்டப்பெற்ற குறைகளுக்கு விடையாக அவர் அதனை எழுதினார். ஆதலின் தற்காப்பு நோக்கம் அதில் உண்டு என்பதை மறத்தலாகாது. ஆயினும் அதில் வரும் நெல்லும் மாடும் வாய்க்காலும் ஆகிய செய்திகள் வேறு எவ்விடத்தும் எளிதிற் கிடைப்பன அல்ல.

முன்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி அமைவாம். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-இல் டேனியர்க்குத் தரங்கம்பாடியில் தங்க இசைவு தந்தார். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் சீகன்பால்கு, புளூச்சோ என்னும் இருவர் 1706 சூலைத் திங்களில் அங்கே வந்திறங்கினர். இவர்களுக்குப் பின்னே செருமனியின் ஆலே நகரம் இருந்தது. அந்நகரில் பிராங்கே என்னும் பேராசிரியர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளியும் மருந்தகமும் அச்சகமும் ஒருங்கே நிறுவியிருந்தார். இறைப்பற்று என்பது ஏழைக்குச் சோறிடுதலிலும் எழுத்தறிவித்தலிலும் வெளிப்படல் வேண்டும் என்பது அக்குழுவினரின் கொள்கை. எனவே 1707-இலேயே தரங்கம்பாடியில் பள்ளி தோன்றியதும், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றதும் ஒரே கொள்கையின் இரு கிளைகள் எனக் கொள்ளல் தகும்.

சுவார்ட்சு 1726-இல் பிரசியாவைச் சார்ந்த சோனன்பர்க்கு என்னும் ஊரிற் பிறந்தவர். ஆலேயிற் பயிலுங்கால் சூல்ட்சு ஐயரிடம் தமிழ் கற்றார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளியிற் பணிபுரிந்து, 1778-இல் தஞ்சையை நிலையான உறைவிடமாகக் கொண்டார். அவர் வந்த காலத்துத் தஞ்சை எத்தகையது என்பதே நமக்கு இன்றியமையாதது. 1773-இல் கும்பினியார் படை தஞ்சையைக் கைப்பற்றி ஆர்க்காட்டு நவாபின் பிடியில் விட்டது. மூன்றாண்டுகள் அவர் ஆட்கள் நாட்டை வறண்டுபோகக் கறந்தனர். 1776-இல் துளசா மன்னர் மீண்டும் அரியணை ஏறினாலும் கடன் அவரை விட்டபாடில்லை. குடிகளிடம் விளைச்சல் முழுதும் பறிக்கப்பட்டது என்று சொல்லினும் மிகையாகாது. இந்நிலையில் 1780-இல் ஐதரலியின் போர் மூண்டது. அடுத்த ஆண்டு அவர் படை தஞ்சை நாட்டைச் சூறையாடிற்று.

போருக்கு முன்னரே, 1779-இல், சென்னை ஆளுநர் சுவார்ட்சைச் சீரங்கப்பட்டணத்திற்குத் தூதனுப்பியிருந்தார். ஐதரலி அவரை மதித்து வரவேற்றார். வழிச்செலவுக்கென முந்நூறு உரூபாய் வழங்கினார். அத்தொகையைச் சுவார்ட்சு தமக்கென வைத்துக்கொள்ளாது தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கு முதலாக்கினார். போர்க்காலத்தில் அவர் எங்குச் சென்றாலும் தடை செய்யலாகாதென ஐதரலி தம் படையினர்க்கு ஆணையிட்டிருந்தார் என்பர். இரு பகைவரும் ஒருங்கே நம்பிய ஒருவர் என்னும் நிலை அவர்க்கு இவ்வாறு வாய்த்தது. பின்வரும் நிகழ்ச்சிகள் யாவும் அந்நம்பிக்கையைப் பற்றியனவே.

கோட்டைக்குள் மக்கள் நிறைந்திருந்தனர், காவற்படைக்கே உணவில்லை. சிப்பாய்கள் பசியால் நிலைகுலைந்து வீழ்ந்தனர். காலைதோறும் தெருவோரம் பிணங்கள் கிடந்தன. இதிற் கருதத்தக்கது ஒன்று: நாட்டில் நெல் இல்லாமற் போகவில்லை. கோட்டைக்கு வெளியே நெல் போதிய அளவு இருந்தது. அதனை உள்ளே கொண்டுவர எருதுகள்தாம் இல்லை. எருதுகள் ஏன் இல்லை எனின், அவற்றைக் குடிகள் வேண்டுமென்றே தொலைவிற்கு ஓட்டிச் சென்றுவிட்டனர். முன்பு நெல் கொணர்ந்தவர்களுக்குச் சேரவேண்டிய கூலியைத் துபாசிகள் விழுங்கிவிட்டமையே காரணம். மன்னர் ஆணையிட்டார், பின்பு கெஞ்சினார், ஒருவரும் வரவில்லை. இறுதியில் அவர், தமக்கும் ஆங்கிலேயர்க்கும் குடிகளிடம் இருந்த நாணயம் போயிற்று என்றும், இப்பாதிரியாரையேனும் அவர்கள் நம்புவரா என்று பார்ப்போம் என்றும் கும்பினி அலுவலர் ஒருவரிடம் கூறினாராம். ஒரு நாட்டின் மன்னர் இவ்வாறு ஒப்புக்கொண்டது தஞ்சை மராட்டியர் வரலாற்றில் மிக வருந்தத்தக்க இடங்களுள் ஒன்று என்பது எம் கருத்து.

சுவார்ட்சு நாற்றிசைக்கும் ஓலை போக்கினார். கூலியைத் தம் கையாலேயே தருவதாகவும், பகைவர் கவர்ந்து செல்லும் எருது ஒவ்வொன்றுக்கும் விலை கொடுப்பதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாட்களில் ஆயிரத்திற்கு மேற்பட்ட எருதுகள் வந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறித்தவரும் உயிருக்குத் துணிந்து நாட்டுப்புறம் சென்று, குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குட் சேர்த்தனர். எல்லாம் முடிந்தபின் பிறர் பணத்தையும் எடுத்துக் கூலியை முழுதும் கொடுத்து, சிறு அன்பளிப்பும் ஈந்து அவர்களை ஊருக்கு அனுப்பினார். 1782 பிப்பிரவரியில் பிரெய்த்துவெயிட்டு என்பாரின் படை கொள்ளிடக் கரையில் திப்புவிடம் சிறைப்பட்டபின் மீண்டும் அதே இடர் நேர்ந்தது. மீண்டும் அதே வழி பயன் தந்தது. பகைவர் எப்பொழுதும் அறுவடை நெருங்குங்காலத்தே வந்தனர் என்று அவர் எழுதுகின்றார். படுகை நாட்டில் பிறந்தவர்க்கு இதனை விளக்க வேண்டா. சம்பா நெல் தலைசாய்ந்து நிற்கும் தை, மாசித் திங்கள்களில் வருபவன் நாட்டின் ஓராண்டு உணவையும் ஒருங்கே கைக்கொள்கிறான்.

போரின் பின் வந்தது வேறொரு பசி. அமைச்சராயிருந்த பாபா என்பவரின் கொடுமை தாங்காது உழுகுடிகள் ஊரைவிட்டு வெளியேறினர். அரசர் அழைத்தும் திரும்பாதவர்கள், முறை செய்யப்படும் எனச் சுவார்ட்சு உறுதிகூற, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். உழவுக்குரிய பருவம் கடந்துகொண்டிருக்கிறதே என்று அவர் கவன்றபோது, தமக்கு அவர் காட்டிய அன்பிற்கு ஈடாக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் மறுமொழி தந்தனர். சூனில் தொடங்க வேண்டிய உழவு செப்டம்பரில் தொடங்கியும் விளைச்சல் முன்னையினும் மிகுந்தது என்கிறார். இதனைப் புனைந்துரை என ஒதுக்குவாரும் உளர். ஆயின் காவிரியில் புதுப்புனல் வரும் ஆனித் திங்களில் நாற்றங்கால் விடத் தவறினாலும், நீர் நிற்குமாயின் புரட்டாசியில் நடவு செய்து தையிலும் மாசியிலும் அறுத்தல் இந்நாட்டில் இயல்வதே. குறுவை போனாலும் சம்பா நிற்கும்.

மூன்றாவது நிகழ்ச்சி பலரும் போற்றாதது. எமக்கோ இதுவே மிகவும் சிறந்ததாகத் தோன்றுகின்றது. ஒரு பகுதியில் வாய்க்கால்கள் நெடுங்காலம் தூர்வாரப்படாமையால் நிலம் தரிசாகக் கிடந்தது. குடிகள் சோம்பர் என்பது அதிகாரிகளின் முறையீடு. நீர் ஏறாத நிலத்தை உழுது யாது பயன் என்பது குடிகளின் நிலை. சுவார்ட்சு தூர்வாரும் செலவைத் தாம் முன்பணமாகத் தருவதாகவும், அறுவடையில் தண்டலார் அதனைத் திருப்பித் தரவேண்டும் என்றும் பேசி முடித்தார். முன்பு 4,000 கலம் விளைந்த நிலம் 14,000 கலம் விளைந்தது. சோறிடுதல் அறம், வாய்க்காலைத் திறந்துவிடுதலோ, அச்சோற்றை மீண்டும் இரந்து பெறாவாறு செய்வது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தஞ்சையில் அன்று இல்லாதிருந்தது நெல் அன்று, நம்பகம். ஆள்வோர் சொல்லுக்கும் குடிகளின் களத்திற்கும் இடையே இருந்த கட்டு அறுந்திருந்தது. அயல்நாட்டுத் துறவி ஒருவரின் சொல் அவ்விடத்தை நிரப்பியது. இதனைச் சமயத்தின் வெற்றி என்று மட்டும் கூறுவது பொருந்தாது. எருது ஓட்டி வந்தவர்கள் திருமுழுக்குப் பெறவில்லை. பெறவேண்டும் என்று அவர் கேட்டதாகவும் தெரியவில்லை. அவர்கள் கேட்டது கூலி, பெற்றதும் கூலியே.

இனி, உயிருக்குத் துணிந்து நாட்டுப்புறம் சென்ற அவ்வுபதேசியார் யார்? கடிதம் அவர் பெயரைக் கூறவில்லை. சுவார்ட்சுக்கோ நினைவுச் சின்னங்கள் பல: சரபோசி மன்னர் பிளாக்சுமன் என்னும் சிற்பியைக்கொண்டு அமைத்த பளிங்குச் சிற்பம் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைக் கோயிலில் உளது, கும்பினியார் நிறுவிய மற்றொன்று சென்னைத் தூய மரியாள் கோயிலில் உளது. ஊர் ஊராக நடந்து, குடிகளின் மொழியில் பேசி, களத்தில் நின்று நெல் அளந்து வாங்கியவர்கள் இந்நாட்டவரே. உலகத் திருச்சபைப் பணி பற்றிய ஆராய்ச்சிகளில் இவர்கள் உதவியாளர் என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றனர். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, மேனாட்டுத் தொண்டர் தம் உடைமையையும் உடலையும் கொடுத்ததைப் பாராட்டி, ஆயினும் எமக்கு நண்பர்களே வேண்டும் என்று கேட்டது இக்குறையை நோக்கியே எனலாம்.

பள்ளிகளைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் 1785-ஐ ஒட்டி அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கும்பினியார் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் கொடுத்தனர். அவரிடம் வளர்ந்த சரபோசியின் கல்வி நலம் நாடறிந்தது. பெத்தலேகம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாத்திரியாரும் அவர்தம் மாணவரே.

நோக்க வேண்டுவது வேறொன்று. கடிதத்தில் பேசப்படும் குடிகள் யாவர்? எருதும் நெல்லும் உடையவர்கள். உழவு முதலும் நிலவுரிமையும் உடையவர்கள். அவர்களின் நெல்லை நட்டும் அறுத்தும் கொடுத்த பண்ணையாட்கள், நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளாயிருந்தவர்கள், அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினர் அல்லர். கூலியைத் தம் கையாற் கொடுத்த சுவார்ட்சின் கை அவர்கள் மட்டும் நீண்டதா என்பதற்குக் கடிதத்தில் விடையில்லை. தேவாலயத்துள்ளும் அவர்களுக்கு இடம் தனியே இருந்தது. பழைய தொண்டர் இதனைப் பொறுத்துக் காலப்போக்கில் மாறும் என்று விட்டனர். பின்வந்தோர் பொறுக்கவில்லை. பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையை அறவே விடுக என ஆணையிட்டபோது, தஞ்சைச் சபையில் ஒரு பெரும் பகுதியினர் பிரிந்து சென்றனர். வேதநாயக சாத்திரியாரே 1829-இல் பழைய வழக்கத்திற்காக வாதிட்டு எழுதியவர் என்பதைத் தமிழன்பர்கள் மறைத்தல் வேண்டா. கவிதை வேறு, இது வேறு.

அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை 1843-இல் நீங்கிற்று. பண்ணையாள் முறையோ நீங்கவில்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நெற்கூலி உயர்வு கேட்ட பூசலின் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரியுண்டது 1968 திசம்பர் 25-ஆம் நாள் இரவு.

சுவார்ட்சின் காலத்துக் களத்து மேட்டை முழுதும் காண விரும்புவார் அவர் கடிதங்களோடு அமையாது, ஆலே நகரில் காக்கப்படும் தரங்கம்பாடித் தொண்டரின் ஏடுகளையும், தஞ்சை அரண்மனை மோடி ஆவணங்களையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும். செருமன், தமிழ், மராட்டி என்னும் மும்மொழியும் ஒருவரிடத்தே அமைதல் அரிதாகலின், இப்பணியைத் துறைகள் சில கூடிச் செய்தலே முறை. முதற்கண் தேடத்தக்கவை உபதேசியார்களின் பெயர்களும், கோட்டைக்கு நெல் வந்த ஊர்களின் பெயர்களும் ஆகும்.